ஆதாரம் வந்துகொண்டிருக்கிறது

காலில் இடிக்கிறதா சார்? மன்னிக்கணும். பையில் இருப்பது கேபிள்தான், வேறொன்றும் இல்லை. மேலே தட்டில் போடச் சொல்கிறார் கண்டக்டர். எப்படிப் போடுவது? யாராவது அதன் மேல் ஒரு சூட்கேஸைத் தூக்கி வைத்தால் முடிந்தது. உள்ளே செம்புக் கம்பி இல்லை சார், கண்ணாடி. தலைமுடி கனத்தில் கண்ணாடி நூல். அதற்குள் வெளிச்சமாகப் படம் ஓடும். மூன்று சுருள் இருக்கிறது. ஒவ்வொன்றும் பதினைந்து மீட்டர். மூன்றில் ஒன்றுகூடக் கெட்டுப்போனது இல்லை. அதுதான் சார் விஷயமே. ஒன்றுகூடக் கெட்டுப்போனது இல்லை.

நீங்க திருச்சியா? நானும் திருச்சிதான், வயலூர் ரோடு. ஆனால் இன்றைக்கு நேராக அங்கே போகவில்லை. பாடாலூரில் இறங்குகிறேன். பைபாஸில் நிறுத்துகிறேன் என்று கண்டக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அங்கே என் மச்சினன் வீடு. சிவநேசன் என்று பெயர், என் மனைவிக்குத் தம்பி. என் மனைவியும் இருபத்து மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

நான் கோபக்காரன் இல்லை சார். யாரை வேண்டுமானாலும் கேளுங்க. தோஹாவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் டாகுமெண்ட் கன்ட்ரோலர். ஒரு கட்டடத்துக்கு ஐயாயிரம் வரைபடம் வரும். எந்த வரைபடம், எத்தனையாவது திருத்தம், யார் கைக்குப் போனது, எத்தனை மணிக்குப் போனது, எல்லாம் என்னிடம் இருக்கும். ஒருத்தன் வந்து ‘எனக்கு யாரும் சொல்லலை’ என்று தப்பிக்க முடியாது. எடுத்து முன்னால் போடுவேன். இந்தா, சொல்லியிருக்கு, இந்தத் தேதி, இது உன் கையெழுத்து. வாயை மூடிக்கொண்டு போவான். எஞ்சினியர்கள்கூட என்னைக் கண்டால் வேறு வராண்டா வழியாகப் போவார்கள். அவ்வளவு மரியாதை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், தெளிவாகச் சொல்வது என்பது என் தொழில். நான் ஒன்றைச் சொன்னால் அதில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

சிவநேசனுக்கு நேர் எதிர். அவனுக்கு எல்லாமே சந்தேகம்தான்.

வீடு கட்டியபோது நான் அங்கே இருந்தேன், அவன்தான் இங்கே பார்த்துக்கொண்டான். பதினாலு மாசம். பாடாலூரிலிருந்து தினம் ஸ்கூட்டரில் வருவான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. வந்தான். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை வைத்திருக்கிறான், அதைப் பாதி நாள் மூடிப்போட்டு வந்தான். ஆனால் வந்து என்ன செய்தான்? சாயங்காலமானால் என் போன் அடிக்கும். “மாமா, ஒரு சந்தேகம்.” பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கணுமா, வெளிப்பக்கமா? “மாமா, ஒரு சந்தேகம்.” மாடிப்படிக் கைப்பிடி இடது கைக்கா, வலது கைக்கா? எனக்கு அங்கே மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும். வரைபடத்தில் இருக்கிறதே, பார்க்க வேண்டியதுதானே? பார்த்தேன் மாமா, ஆனா வரைபடத்துல இருக்கறபடி வெச்சா கதவு வாஷ்பேசின்ல இடிக்குது மாமா. இப்படி ஒரு ஆள் சார்.

சரி, இடித்தது. அது வேறு விஷயம்.

என் ஒரே ஆசை என்ன தெரியுமா? மாடியில் ஒரு தியேட்டர் ரூம். தோஹாவில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்த காலத்தில், ஒருத்தன் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் போடுவான். ஆறு தலை முட்டிக்கொண்டு பார்ப்போம். அன்றைக்கே முடிவு பண்ணினேன். என் வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் படம் ஓடணும். மங்கை பக்கத்தில் உட்காரணும். மங்கை என் மனைவி, மங்கையர்க்கரசி. கல்யாணமான மூன்றாம் மாசம் நான் விமானம் ஏறிவிட்டேன். அவளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஒரு கை மிச்சமிருக்கும்.

அறையின் அமைப்பைச் சொல்கிறேன், கேட்டுக்கோங்க. படத்தை அனுப்புகிற பெட்டி கீழே அலமாரியில் இருக்கும். பிளேயர் என்று வைத்துக்கோங்க. புரொஜக்டர் மேலே கூரையில் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் சுவருக்குள் பைப், அந்தப் பைப்புக்குள் இந்தக் கேபிள். சாதாரண கேபிளாக இருந்தால் இத்தனை நீளத்துக்குப் படம் போய்ச் சேராது. பொரிபொரியாக வரும், நடுவில் கறுத்துப்போகும். அதனால்தான் இந்தக் கண்ணாடிக் கேபிளை நானே தோஹாவில் தேடி வாங்கி, ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். சுவர் பூசுவதற்கு முன்னால் இதைப் பைப்புக்குள் விடு என்று சிவநேசனுக்குச் சொன்னேன். விட்டான். பூசினார்கள். பெயிண்ட் அடித்தார்கள். புரொஜக்டரும் பிளேயரும் நான் ஒரேயடியாகக் கிளம்பி வந்தபோது கூடவே வந்தன.

புதுமனை புகுவிழா அன்று மத்தியானம், சாப்பாடு ஒரு பந்தி முடிந்திருந்தது. நாற்பது பேரை மாடிக்கு அழைத்துப் போனேன். வீடு கட்டின கதையை ஒரு வீடியோவாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின நாளிலிருந்து கிரகப்பிரவேசக் கோலம் வரைக்கும் தினம் ஒரு போட்டோ. நானே மூன்று மாசம் உட்கார்ந்து ஒட்டினேன். அந்த போட்டோ ஒன்றிலும் சிவநேசன் இல்லை சார். ஒன்றில்கூட இல்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. வேலை நடக்கும்போது இவன் எங்கே போனான்?

போட்டோ எடுத்தது அவன்தான். அது சரி. இருந்தாலும்.

விளக்கை அணைத்தேன். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். புரொஜக்டர் வெளிச்சம் வந்தது. நீலமாக ஒரு சுவர். நடுவில் ‘நோ சிக்னல்’. அவ்வளவுதான். பெட்டியை அணைத்துப் போட்டேன். நோ சிக்னல். கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். நோ சிக்னல். எங்கள் பெரியப்பா மகன் இருட்டில் சொல்கிறான், “படம் நல்லாத்தான் இருக்கு, கதைதான் புரியல.” நாற்பது பேர் சிரித்தார்கள் சார். நாற்பது பேர்.

நான் கீழே வந்தேன். சிவநேசன் சாம்பார் வாளியோடு இரண்டாம் பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான். நான் கத்தவில்லை. மங்கை கத்தினேன் என்கிறாள். கொஞ்சம் உரக்கப் பேசினேன், அவ்வளவுதான். “ஒரு வயரை ஒழுங்கா இழுக்கத் துப்பில்லாதவனை நம்பி வீட்டையே ஒப்படைச்சிருக்கேன் பாரு” என்றேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். “நான் அனுப்பின கேபிளைத்தான் போட்டியா?” என்று. கேள்விதானே சார்? நான் திருடன் என்று சொன்னேனா? மாற்றிவிட்டாய் என்று சொன்னேனா? கேள்வி கேட்கக்கூடாதா ஒரு மனுஷன், தன் வீட்டில்?

அவன் வாளியைக் கீழே வைத்தான். கரண்டியை அதற்குள் மெதுவாகச் சாய்த்தான். “சரி மாமா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். சரி மாமா. என்ன சரி? எது சரி? பதில் சொல்லத் தெரியாதவன் சொல்கிற வார்த்தை அது. செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துப் போய்விட்டான். சாப்பிடக்கூட இல்லை. ஏழு மாசமாகிறது, அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தப்பு செய்யாதவன் ஏன் சார் ஓடணும்?

நான் சும்மா பழி போடுகிற ஆள் இல்லை. முறையாகச் சோதித்தேன். மறுநாளே ஒரு ஸ்டூலின் மேல் ஏணியைப் போல இன்னொரு ஸ்டூலை வைத்து, பிளேயரைப் புரொஜக்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனேன். சின்னக் கேபிள், ஒன்றரை மீட்டர், அதைப் போட்டுப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்போ புரொஜக்டர் நல்லது, பிளேயர் நல்லது. கோளாறு நடுவில். நடுவில் இருந்தது யார் வேலை? குறித்துக்கொண்டேன்.

புதுக் கேபிள் வரவழைத்தேன். உறையூரிலிருந்து ஓர் எலக்ட்ரீசியன் வந்தார். பழைய கேபிளின் நுனியில் புதுசைக் கட்டி, மேலேயிருந்து இழுத்தால் பழசு வெளியே வரும், புதுசு உள்ளே போகும். கட்டுவதற்கு முன்னால் அந்த ஆள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இதுல முனையில ஏதோ எழுதியிருக்கே சார்?” என்றார். “எழுத்தை எல்லாம் ஆராய வேண்டாம், பழசு மேலயும் கீழயும் எப்படி இருந்துதோ அச்சா அப்படியே போடுங்க” என்றேன். போட்டார். வரவில்லை. ரெண்டு மாசம் கழித்து வேறு கம்பெனிக் கேபிள், மூன்றாவது. நானே பக்கத்தில் நின்றேன். முந்தினது எப்படியோ அச்சா அப்படியே. வரவில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பைப். கண்ணாடி நூல் ஆச்சே, பைப் திரும்புகிற இடத்தில் சிவநேசன் சட்டென்று மடக்கி வைத்திருப்பான், அதில் ஒவ்வொரு கேபிளும் போய் முறிகிறது. ஆளைப் பிடித்துச் சுவரை உடைத்தேன். ஆமாம் சார், புதுச் சுவரைத்தான். இந்தக் கைமுட்டியிலிருந்து அந்த சீட்டு வரைக்கும் இருக்கும். உள்ளே பார்த்தால், பைப்பை ஒரு சைக்கிள் டயர் அளவுக்கு வளைத்து, அலுங்காமல் நலுங்காமல் வைத்திருக்கிறான். உடைத்த ஆளே சொன்னார், “யார் சார் போட்டது? அருமையா போட்டிருக்காங்க.” எனக்கு எப்படி இருக்கும்? வேறெங்கோ ஒளித்திருக்கிறான் கோளாறை என்று தோன்றிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் குடும்ப குரூப்பில் போட்டேன். ‘நம்ம சொந்தம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப், அறுபத்தோரு பேர். உடைந்த சுவர் போட்டோ, மூன்று கேபிளை வரிசையாக வைத்து ஒரு போட்டோ. கீழே எழுதினேன்: ‘இதற்குக் காரணமானவர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் மன்னிக்கத் தயார்.’ பெயர் போடவில்லை. நாகரிகமாகத்தான் எழுதினேன்.

மங்கை அதைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. தோசை வார்த்துக்கொண்டிருந்தவள், அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்தாள். “பதினாலு மாசம் வெயில்ல நின்னவன்ங்க அவன். சுவத்துக்குள்ள ஓடுற ஒரு வயருக்காக ஊரே பாக்க அவனைத் திருடன்கிறீங்க” என்றாள். நான் சொன்னேன், எங்கே நான் திருடன் என்று எழுதியிருக்கிறேன், காட்டு. அவள் காட்டவில்லை. வாசலில் நின்று ஒன்று சொன்னாள். அதை அப்படியே சொல்கிறேன், எனக்கு வார்த்தை மாறாது. “தப்பு யாருதுன்னு கண்டுபிடிங்க. நல்லா கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சதும் வந்து, யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லுங்க. அன்னைக்கு நான் வர்றேன்.”

கேட்டீங்களா? அவளே சொல்லிவிட்டாள். கண்டுபிடித்துவிட்டு வா என்று. கண்டுபிடித்துவிட்டேன் சார். இன்றைக்குக் காலையில்.

மூன்று கேபிளையும் எடுத்துக்கொண்டு நேற்று மெட்ராஸ் வந்தேன். இன்றைக்குக் காலையில் ரிச்சி தெருவில் மாடியில் ஒரு கடைக்குப் போனேன். கவுண்டரில் பானு என்று ஒரு பெண், இருபத்தைந்து வயசுகூட இருக்காது. நான் மேஜையில் மூன்றையும் போட்டு, “மூணும் செத்த கேபிள்” என்றேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாக மாட்டினாள். முதல் கேபிள், படம் வந்தது. ரெண்டாவது, வந்தது. மூணாவது, வந்தது. கிளி பறக்கிறது திரையில், பச்சைப் பசேலென்று. பானு கேட்கிறாள், “சார், வீட்டுல எந்த முனையை எங்க மாட்டினீங்க?”

என்ன முனை?

“இதுல படம் ஒரு பக்கமாத்தான் போகும் சார். ஒரு முனையில சோர்ஸ்னு இருக்கு பாருங்க, அது பிளேயர் பக்கம். இன்னொண்ணு டிஸ்பிளே, அது புரொஜக்டர் பக்கம். மாத்தி மாட்டினா ஜென்மத்துக்கும் வராது. நிறைய பேர் பண்ற தப்புதான் சார்.” சிரிக்கிறாள் சார் அந்தப் பெண். நிறைய பேர் பண்ற தப்பாம்.

நான் கண்ணை மூடி யோசித்தேன். மேலே கூரையில் இருந்த முனையில் என்ன எழுதியிருந்தது? சோர்ஸ். மூன்று தடவை என் கையால் தொட்டிருக்கிறேன். சோர்ஸ், சோர்ஸ், சோர்ஸ். முதல் கேபிளை அவன் மாற்றிப் போட்டான். அடுத்த இரண்டையும் அவன் தப்பைப் பார்த்து நான் அப்படியே காப்பி அடித்திருக்கிறேன். ஒருத்தன் செய்த தப்பு ஒரு வீட்டை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது பாருங்க!

அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது சார். நான் சொன்னேன்! கேபிள் கைக்குப் போன அன்றைக்கே சொன்னேன்! தோஹாவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டேன், ரெண்டு முனையும் வேறு வேறு, பார்த்து மாட்டு என்று. முக்கியமான மெசேஜ் எதுவானாலும் நான் நட்சத்திரம் போட்டு வைத்துக்கொள்வேன். அது தொழில் பழக்கம். இருக்கும். கண்டிப்பாக இருக்கும்.

கடை வாசலிலேயே நின்று குரூப்பில் போட்டுவிட்டேன். இதோ பாருங்க: ‘உண்மை வெளியாகிவிட்டது. நான் அன்றே எச்சரித்திருக்கிறேன். ஆதாரம் வந்துகொண்டிருக்கிறது.’ அதிலிருந்து டிங் டிங் என்று வந்துகொண்டே இருக்கிறது. பெரியப்பா மகன் கேட்கிறான், ‘எங்கே ஆதாரம்?’ சித்தி ஒரு கண்ணை உருட்டுகிற பொம்மை போட்டிருக்கிறார். சிவநேசன் பார்த்துவிட்டான், நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இல்லை. எங்கேயிருந்து வரும்?

அந்த மெசேஜைத்தான் சார் எடுக்கணும். எனக்கு இந்த வெயிலில் திரை தெரியவில்லை, உங்கள் கண் நல்ல கண், இந்தாங்க போன். அந்த நட்சத்திரம்... அங்கேதான். கீழே போங்க. இன்னும். சிவா என்று இருக்கும். போன வருஷம், ஆகஸ்ட். அதுதான்! அமுக்குங்க. சத்தம் கூட வைங்க, பரவாயில்லை, நாலு பேர் கேட்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

“சிவா, கேபிள் வந்துச்சா? நல்லா கேட்டுக்க. இது சாதா கேபிள் இல்ல. ரெண்டு முனையும் வேற வேற. ஒண்ணுல சோர்ஸ்னு எழுதியிருக்கும், இன்னொண்ணுல டிஸ்பிளேன்னு. பாத்து மாட்டு. மாத்தி மாட்டிராத. மாமா சொல்லலன்னு நாளைக்கு நீ சொல்லக் கூடாது, ஆமா.”

கேட்டீங்களா! கேட்டீங்களா சார்! எவ்வளவு தெளிவு! ‘மாத்தி மாட்டிராத.’ இதை விட ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? இதைத்தான் அவன் வீட்டு வாசலில் நின்று போடப்போகிறேன். மங்கையும் கேட்கட்டும். அவன் வாயால் ‘தப்பு என்னுது’ என்று சொல்லட்டும், அதே வாசலில் வைத்து மன்னித்துவிட்டு மூன்று பேருமாகப் பஸ் ஏறுவோம்...

அது என்ன, தானாக அடுத்தது ஓடுகிறது? ஓடட்டும். அவன் குரல்தான். பாருங்க, என்ன சொல்லப்போகிறான் என்று இப்போதே சொல்கிறேன்.

“மாமா, ஒரு சந்தேகம்.”

சொன்னேன்ல!

“சோர்ஸ்னு எழுதினது மேல வரணுமா, கீழ வரணுமா? படம் கீழ பொட்டியிலருந்துதான கிளம்பி மேல போகுது? அப்ப அது கீழ வரணும்னு தோணுது மாமா. காயில் சுத்தும்போதும் கரண்ட் எந்தப் பக்கம் வருதோ அதத்தான் ஆரம்பம்னு வெப்போம். சொல்லுங்க மாமா, நாளைக்குப் பூச்சு. பூசிட்டா அப்பறம் கஷ்டம்.”

...

“ஏன்டா, சோர்ஸ்னா என்ன? தமிழ்ல ஆதாரம். படத்துக்கு ஆதாரம் எது, புரொஜக்டர்தானே? வெளிச்சம் அதுலருந்துதானே வருது? அப்ப அதுதான் தலை. தலை மேல, வால் கீழ. தலைகீழா எவனாவது மாட்டுவானா? மோட்டாருக்குக் காயில் சுத்துற மூளைய வெச்சுக்கிட்டு இதுல யோசிக்காத. எனக்கு மீட்டிங் இருக்கு. சொன்னதச் செய்.”

“சரி மாமா. தலை மேல.”

...

நிறுத்துங்க சார். முடிந்துவிட்டதா? சரி.

பின்னால் யார் சிரிக்கிறது? என்னம்மா சிரிப்பு? பஸ்ஸில் ஒருத்தர் போனில் எதையாவது கேட்டால் காது கொடுத்துக் கேட்பதா? ஜன்னல் பக்கம் பாருங்க.

இது... இதில் பின்னணியில் கொத்தனார் தட்டுகிற சத்தம் கேட்கிறது, கவனிச்சீங்களா? அவன் சைட்டில் நின்றுதான் கேட்டிருக்கிறான். நான் எங்கே நின்று பேசினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஏதோ லிஃப்டில் இருந்திருப்பேன். மீட்டிங் இருந்தது, அது உண்மை. பொய் சொல்லவில்லை.

சார், இதில் அழிப்பதற்கு எங்கே அமுக்கணும்? முதல் மெசேஜை இல்லை. அது இருக்கட்டும். மற்றதை. அழித்தால் எனக்கு மட்டும் அழியுமா, அவன் போனிலும் அழியுமா? அழியாதா? இத்தனை மாசமாகிவிட்டால் அழியாதா?

அப்போ அவன் போனில் இது இருக்கிறது.

அன்றைக்கும் இருந்தது. சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அப்போது சட்டைப் பையில் அந்த போன் இருந்தது. ஏழு மாசமாக இருக்கிறது. நான் சுவரை உடைத்தபோதும் இருந்தது. இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் குரூப்பில் போட்டேனே, ‘காரணமானவர் தானாக முன்வந்து’, அப்போதும் இருந்தது. ஒரு விரல் சார். ஒரு விரலால் அமுக்கினால் போதும், நாற்பது பேர் கேட்டிருப்பார்கள், அறுபத்தோரு பேர் கேட்டிருப்பார்கள். ஏன் அமுக்கவில்லை? என்ன திமிர் இது? ‘சரி மாமா’ என்கிறான். என்னைப் போய் மேற்கொண்டு ரெண்டு கேபிள் வாங்க விட்டு, சுவரை உடைக்க விட்டு, பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்! சொல்லியிருக்கலாமே! மாமா, தப்பு உங்களுதுன்னு மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு நாளோடு போயிருக்கும். ரெண்டு கத்து கத்தியிருப்பேன். சாப்பிட்டிருப்பான்.

நீங்க என்ன சார் என்னையே பார்க்கிறீங்க? நான் அவனைக் கேள்வி கேட்கக்கூடாதா?

மங்கைக்குத் தெரியும். அதானே! ‘தப்பு யாருதுன்னு நல்லா கண்டுபிடிங்க’ என்றாளே, ரெண்டு தடவை. ‘யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லுங்க’ என்றாளே. அக்கா தம்பி இரண்டு பேரும் சேர்ந்து இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இருபத்து மூன்று நாளாக எனக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே அவனைப் பிடிக்க வலை பின்னிக்கொண்டிருந்தேன்.

டிங் டிங் என்கிறது பாருங்க. பெரியப்பா மகன்தான். ‘ஆதாரம் டோல்கேட்டைத் தாண்டிடுச்சா?’ அவன் வாய் அப்படி. போடா, ஆதாரமாம். சோர்ஸுக்கு ஆதாரம் என்று எந்த மடையன் சொன்னான்? நான்தான் சொன்னேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்துவிட்டு அப்புறம் இங்கிலீஷில் படித்தேன் சார், ரெண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு ரெண்டிலும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். மோட்டார் காயில் சுற்றுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, தலைகீழாகத்தான் மாட்டணும் என்று. தலை கீழேதான். அந்த வார்த்தையைக் கேட்டாலே தப்பு மாதிரி இருக்கிறது, நான் என்ன செய்வேன்?

பாடாலூரா? அதற்குள்ளேயா? நிறுத்துங்க, நிறுத்துங்க, இறங்கணும். இல்லை... நிறுத்தச் சொன்னேன் இல்லையா, இறங்கித்தான் ஆகணும். அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்க சார். மெதுவாக. மடங்கக்கூடாது. நம்ம பேச்சில் உங்கள் தூக்கம் போய்விட்டது.

கத்தாதீங்க கண்டக்டர், இறங்கறேன்! ஒரு மனுஷன் பேசக்கூட விட மாட்டீங்களா?

சார், ஒரு சந்தேகம். வாசலில் அவன் வந்து நிற்பான். ‘வாங்க மாமா’ என்பான், நிச்சயம் அதைத்தான் சொல்வான். அதற்கு நான் முதலில் என்ன சொல்வது?